சரணத்துக்கு வேண்டிய ஒரு மணி நேரம்

கீர்த்தனை எழுதுகிறவனுக்குப் பல்லவி எந்த இடத்திலும் கிடைத்துவிடும். சார்நிலைக் கருவூலம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரியும் நான், பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் சாலையில் நாள்தோறும் பேருந்தில் போய் வருகிறேன். எங்கள் கிறிஸ்தவச் சபையின் பாடற்குழு பாடியிருக்கும் என் பாடல்களில் பெரும்பாலானவற்றின் பல்லவிகள் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையில், ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போது பிறந்தவைதாம். இரண்டு வரிதானே, மனத்தில் வைத்துக்கொள்ளலாம். இறங்கியதும் கைப்பேசியில் முனகிப் பதிந்துவிட்டால் தொலையாது. சரணம் அப்படிப்பட்டதன்று. நான்கு அடிக்கும் எதுகை அமைய வேண்டும், தாளம் விழும் இடத்தில் மோனை வந்து நிற்க வேண்டும், ஒவ்வொரு சரணத்தின் கடைசிச் சொல்லும் பல்லவியின் முதற்சொல்லோடு இலக்கணம் வழுவாமல் சேர வேண்டும், இவ்வளவுக்கும் மேலாக முந்திய சரணம் சொன்னதையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்லாமல் ஓரடியாவது முன்னே நகர வேண்டும். இதற்கு இடையூறில்லாத ஒரு மணி நேரமாவது தேவைப்படுகிறது. வேலையும் குடும்பமும் சபைப் பொறுப்பும் உள்ள ஒருவனுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கேயும் சும்மா கிடப்பதில்லை. எப்போது பார்த்தாலும் அது வேறு யாருக்கோ உரியதாகவே இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே எப்படிப் பாட்டு எழுதுகிறீர்கள் என்று கேட்பவர்களிடம், அந்த நேரத்தை யாரிடமாவது கேட்டு வாங்குகிறேன் என்றுதான் சொல்லி வருகிறேன்.

அலுவலகத்தில் என்மீது அக்கறை கொண்ட மூத்தவர் ஒருவர், ஓய்வு பெற்ற பிறகு நிம்மதியாக உட்கார்ந்து எழுதலாமே என்று அடிக்கடி சொல்வார். அதற்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையையே சான்றாகவும் காட்டுவார். பிள்ளை 1872இல் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். சர்வ சமய சமரசக் கீர்த்தனை 1878இல்தான் வெளிவந்தது. ஆகவே பாட்டு என்பது பென்ஷன் காலத்து வேலை என்பது அந்த மூத்தவருடைய கட்சி. கணக்குப் பார்க்கிறவர் என்பதால் ஆண்டுகளைச் சரியாகத்தான் சொல்கிறார். முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. குளத்தூரில் 1826இல் பிறந்த பிள்ளை, நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக நுழைந்து, மொழிபெயர்ப்பாளராகி, பிறகு முன்சீபாக, அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாக உயர்ந்தவர். அவருடைய நீதி நூல் 1859இல், அதாவது பணியில் இருந்தபோதே வந்துவிட்டது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் திரட்டிச் சித்தாந்த சங்கிரகம் என்று 1862இல் வெளியிட்டார். பிறர் அலுவலகத்தோடு விட்டுவிட்டு வரும் வேலையைத் தமிழ்ப்பணியாக மாற்றிக்கொண்ட அந்த நூலைத்தான் நான் அவருடைய மற்ற எல்லா நூல்களையும்விட வியக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு அச்சேறிய கீர்த்தனைகளிலும் கடவுள் வாழ்த்தோடு நிற்காமல் உத்தியோகம், இல்லறம், பிள்ளை வளர்ப்பு என்று முன்சீபு கண்ட உலகம் முழுவதையும் காணலாம். கத்தோலிக்கராகிய அவர், எல்லாச் சமயத்தாரும் வாய்விட்டுப் பாடத்தக்க கீர்த்தனைகளை எழுத முடிந்ததற்கு, எல்லாச் சமயத்தாரும் வழக்காளிகளாக வந்து நின்ற ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். எழுத உட்கார்ந்தது எப்போதாக இருந்தாலும், எழுத வேண்டியது பணியில் இருந்தபோதே வந்து சேர்ந்துவிட்டது.

காத்திருந்தவர்கள் இல்லாமல் இல்லை. சீர்காழி அருணாசலக் கவிராயர் காசுக்கடை வைத்து வாணிகம் செய்தவர். 1711இல் பிறந்த அவருடைய இராம நாடகம் 1771இல்தான் நிறைவெய்தியது. அவருக்குச் சட்டநாதபுரத்து மாணவர்கள் இருவர் இசையமைப்பில் துணையாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் காத்திராமல் எழுதியதற்கு எங்கள் ஊருக்கு இன்னும் அருகிலேயே ஒரு சான்று உண்டு, எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1853இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வருவதற்கு முன்பு, நற்போதகம் என்ற மாத இதழில் பல ஆண்டுகள் பகுதி பகுதியாக வெளிவந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களை ஒரே மூச்சில் எழுத நேரம் தேடியிருந்தால் அந்தக் காப்பியம் பிறந்தே இருக்காது. மாதம் பிறந்தால் இதழுக்குப் பகுதி போக வேண்டும் என்ற கட்டாயம், வகுப்பறைக்கும் வீட்டுக்கும் நடுவே அவருக்கு ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கும். பாடற்குழுவுக்கு எழுதும் எனக்கு அந்தக் கட்டாயத்தைத் திருச்சபை ஆண்டு தருகிறது. திருவருகைக் காலம், லெந்து என்னும் தவக்காலம், குருத்தோலை ஞாயிறு, ஸ்தோத்திரப் பண்டிகை என்று தேதிகள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கின்றன. எந்தக் கணக்கரும் எந்த ஆசிரியரும் அவற்றைத் தள்ளிவைக்க முடியாது.

இனி வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருவூலப் பணி வறண்ட பணி என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களின் எண்ணம். சம்பளப் பட்டியல்கள், எதிர்பாராச் செலவினப் பட்டியல்கள், தலைப்புவாரியான ஒதுக்கீடு, தணிக்கைக் குறிப்பு, இப்போது எல்லாவற்றுக்கும் மேலாகக் களஞ்சியம் மென்பொருள் என்று அதன் சொற்களில் ஒன்றுகூடப் பாட்டில் நுழையாது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் முகப்புக்கு ஓய்வூதியர்களும் குடும்ப ஓய்வூதியர்களும் வருகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் உயிரோடிருப்பதை உறுதி செய்யும் நேர்காணல் நடக்கிறது. ஒருமுறை வந்திருந்த மூதாட்டி ஒருவர், மஞ்சள் பையிலிருந்து ஓய்வூதியப் புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் எடுத்து மேசையில் அடுக்கிவிட்டு, விரலைக் கருவியின் கண்ணாடியில் வைத்தார். பதியவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். கருவி மறுபடியும் சிவப்பு விளக்கையே காட்டியது. அடுத்த விரல், அதற்கடுத்த விரல், பிறகு இடக்கை. கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்து, “பீடி சுத்திச் சுத்தியே ரேகையெல்லாம் அழிஞ்சு போச்சு ஐயா. நான்தான் உயிரோட முன்னால நிக்கேம்லா, உங்க கண்ணுக்குத் தெரியலையா?” என்றார். தெரிந்தது, புத்தகத்தையும் அடையாளத்தையும் ஒப்பிட்டு நேரடியாகவே பதிவு செய்து அனுப்பினோம். இந்தப் பக்கத்து ஊர்களில் பீடி இலையை வெட்டி, சுருட்டி, நூல் கட்டியே பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்கள் ஏராளம் என்பதால், அந்தக் கருவியின் முன்னால் இப்படித் திகைத்து நிற்பவர்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

அன்று மாலைப் பேருந்தில், தம் உள்ளங்கைகளில் உன்னை வரைந்திருப்பதாகக் கர்த்தர் சொல்லும் ஏசாயா 49ஆம் அதிகாரத்து வசனம் நினைவுக்கு வந்தது. சிறு வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த வசனம்; ஆனால் தன் விரல் தன்னை அடையாளம் காட்ட மறுத்த ஒருவரைப் பார்த்த பிறகுதான், அடையாளம் வேறொருவர் கையில் இருக்கிறது என்ற அதன் ஆறுதல் எனக்கு விளங்கியது. “ரேகை தேய்ந்த விரலானாலும் ஏகன் கையில் எழுதிய பேரே” என்று ஒரு சரணத்தின் தொடக்கம் அமைந்தது. அந்த ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகைக்குப் பாடற்குழு அதைப் பாடியது. பாடுவதற்கு முன், சபைப் பெரியவர் ஒருவர், ரேகை என்ற சொல் கைரேகை ஜோசியத்தை நினைவூட்டாதா என்று சபைப் போதகராகிய ஐயரிடம் கேட்டிருக்கிறார். ஐயர் என்னை அழைத்து விசாரித்தார். நான் கருவூலத்துக் கருவியைப் பற்றிச் சொன்னதும் சிரித்துக்கொண்டே அப்படியே இருக்கட்டும் என்றார். கேட்டவரையும் குறை சொல்ல மாட்டேன். ஆயிரம் பேர் பாடப்போகிற வரியை எழுதியவன் மட்டும் படித்துப் பார்த்தால் போதாது.

வேலை கொடுப்பதைப் போலவே எடுத்துக்கொள்ளவும் செய்கிறது, அதுவும் மார்ச் மாதத்தில். நிதியாண்டின் கடைசி வாரத்தில் எல்லாத் துறைகளும் எஞ்சிய ஒதுக்கீட்டுக்கான பட்டியல்களோடு வந்து நிற்கும். சில ஆண்டுகளில் அதே நாள்களில்தான் லெந்து காலம் உச்சத்தை எட்டும். 2024ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு மார்ச் 31ஆம் தேதியே வந்தது. அரசுப் பரிவர்த்தனைகளைக் கையாளும் வங்கிக் கிளைகள் அந்த ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்திருந்தது. எங்களுக்கும் வேலை நாள்தான். 29ஆம் தேதி பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு மொழிகளின் தியானத்தில் பாடிவிட்டு, சனிக்கிழமை இரவு வரை அலுவலகத்தில் இருந்துவிட்டு, ஞாயிறு அதிகாலை ஆராதனையில் உயிர்த்தெழுதல் பாடல்களைப் பாடி முடித்த கையோடு, வீட்டில் வெந்துகொண்டிருந்த கறிக்குழம்பின் வாசனையை மட்டும் துணைக்கு எடுத்துக்கொண்டு பேருந்தைப் பிடித்தேன். அந்த லெந்தில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பழைய கீர்த்தனைகளையே பாடினோம், யாருக்கும் எந்தக் குறையும் தோன்றவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை புதுப்பாட்டு வேண்டும் என்ற எண்ணம் எழுதுகிறவர்களுக்குத்தான் இருக்கிறதே தவிர, சபையார் அதற்காக ஏங்குவதாக எனக்குத் தெரியவில்லை.

குடும்பத்துக்கு வருகிறேன். என் மனைவி அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். நான் பட்டியல்களோடு மல்லாடும் மார்ச் மாதம் அவருக்குத் தேர்வு மாதம், அதை அடுத்து விடைத்தாள் திருத்தும் பணி. இருவரும் களைத்து வரும் மாலைகளில் ஒருவர் மட்டும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவது எவ்வளவு எளிதாக நியாயமில்லாத ஏற்பாடாக மாறிவிடும் என்பதை அவர்தான் எனக்குக் கணக்காகவே எடுத்துரைத்தார். மாடியில் நான் உட்காரும் ஒரு மணி நேரத்தில் கீழே சமையல், அம்மாவுக்கு மருந்து, மகளின் சந்தேகங்கள் ஆகியவை நின்றுவிடுவதில்லை. அவை ஒருவர் தலையில் முழுவதுமாக விழுகின்றன. பாட்டின் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. இதற்கு நாங்கள் கண்டிருக்கும் ஏற்பாடு சாதாரணமானது. சனிக்கிழமை காலைக் காப்பி குடித்த பிறகு எனக்கு நேரம். ஞாயிறு பிற்பகல் முழுவதும் அவருக்கு, தூங்கினாலும் சரி, தங்கை வீட்டுக்குப் போனாலும் சரி, நான் கேட்கக் கூடாது. விருந்தாளிகள் வந்தால் சனிக்கிழமை ஏற்பாடு கலைந்துவிடும். ஞாயிறு ஏற்பாட்டைக் கலைக்க நாங்கள் விருந்தாளிகளையும் அனுமதிப்பதில்லை. புதுப்பாட்டு எழுதியாக வேண்டிய வாரங்களில் கூடுதலாக ஒரு மணி நேரம் வேண்டுமென்றால், எதற்காக, எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பெற வேண்டும். கேட்பதில் எனக்குத் தொடக்கத்தில் சிறிது கூச்சம் இருந்தது. கேட்டுப் பெற்ற நேரத்தை வீணாக்காமல் எழுதி முடிக்கும் பழக்கம் அதனால்தான் வந்தது.

குடும்பம் என்றால் நேரத்தை எடுத்துக்கொள்ளும் தரப்பு என்று மட்டும் எழுதினால் நன்றிகெட்டவனாவேன். அம்மா கையெழுத்துப் போட மட்டும் கற்றவர். கீர்த்தனைப் புத்தகத்தைத் திறக்காமலேயே எல்லாச் சரணங்களையும் பாடுவார். எழுதிய பாட்டை முதலில் அவருக்குத்தான் பாடிக்காட்டுவேன். இரண்டாம் முறை பாடும்போது பல்லவியில் அவர் தாமாகச் சேர்ந்துகொண்டால் பாட்டு பிழைத்தது. இல்லையென்றால், “பாட்டு நல்லாத்தாம்லே இருக்கு, ஆனா வாயில நிக்க மாட்டேங்கு” என்பார். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. பதினோராம் வகுப்பில் படிக்கும் மகள் கீபோர்டு வாசிப்பாள். நான் ராகத்தின் பெயரைச் சொல்ல, அவள் அதற்கு ஈடான ஸ்கேலையும் கார்டுகளையும் கண்டுபிடித்துக் குறித்துத் தருவாள். சில ராகங்களுக்குக் கார்டு போடவே கூடாது என்று நானும், அப்படியானால் ஆராதனையில் கீபோர்டு எதற்கு என்று அவளும் வாதாடுவது உண்டு.

விசுவாசத்தைப் பற்றி எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது. சபைக்குப் பாட்டு எழுதுகிறவர்களைப் பார்த்து, உங்களுக்கென்ன, எழுதுவதே ஜெபம்தானே என்று பிறர் சொல்வார்கள். சொல்லச் சொல்ல நாமும் நம்பத் தொடங்குவோம். எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு நாள் நான் சரணத்தை முடித்துவிட்டு வருகிறேன், நீங்கள் தொடங்குங்கள் என்றபோது, “பாட்டு எழுதுகிறதும் ஜெபந்தான்னு சொல்லிக்கிட்டு ஜெபத்துக்கு வராம இருக்கக் கூடாது” என்று மனைவி சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை, ஏனெனில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியும். பாட்டு எழுதும்போது என் கவனம் முழுவதும் சொல்லின்மீது இருக்கிறது. தேவன் என்பதற்குப் பதில் நாதன் என்று போட்டால் எதுகை அமையுமா என்று யோசிக்கிறவன், அந்த நேரத்தில் அவரை நோக்கிப் பேசுவதில்லை, அவரைப் பற்றிய ஒரு வேலையைச் செய்கிறான். அந்த வேலை நல்ல வேலைதான். அதற்காக அது ஜெபத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது. ஆராதனையில் என் பாட்டைச் சபை பாடும்போது வரும் சோதனை இன்னும் பெரியது. எல்லாரும் வாய்விட்டுத் துதித்துக்கொண்டிருக்க, மூன்றாம் அடியில் தாளம் சற்று இழுக்கிறதே என்று நான் ஒருவன் மட்டும் தணிக்கை செய்துகொண்டிருப்பேன். அதனால் என் பாட்டு உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் பாடற்குழுவில் நிற்பதை விட்டுவிட்டு, குடும்பத்தாரோடு பின்வரிசையில் உட்காரத் தொடங்கியிருக்கிறேன். குடும்ப ஜெபத்துக்கு நோட்டுப் புத்தகமும் வருவதில்லை, கைப்பேசியும் வருவதில்லை. அங்கே பல்லவி உதித்தால் உதிக்கட்டும், மறந்தால் மறக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

தொழில்நுட்பம் பற்றியும் ஒரு வார்த்தை. சபையார் பாடும் பாட்டுக்கு, கச்சேரிக்கு எழுதும் பாட்டுக்கு இல்லாத நிபந்தனைகள் உண்டு. பயிற்சியில்லாத தொண்டைகள் எட்டக்கூடிய எல்லைக்குள் மெட்டு நிற்க வேண்டும். நீண்டு ஒலிக்கும் சுரத்தில் குறிலை வைத்தால், பாடுகிறவர்கள் அதை நெடிலாக்கியே தீருவார்கள்; ‘பலன்’ என்ற சொல் ‘பாலன்’ ஆகும், ‘மனம்’ என்பது ‘மானம்’ ஆகும். கிறிஸ்துமஸ் பாட்டில் முதல் மாற்றத்தை யாரும் கவனிக்காமல் போகலாம், பெரிய வெள்ளிக்கிழமையில் அப்படியில்லை. மெட்டை முதலில் அமைத்து அதற்குச் சொல் தேடினால் இந்தத் தொல்லை கூடுகிறது, சொல்லை முதலில் எழுதினால் மெட்டு தட்டையாகிவிடுகிறது. பல்லவிக்கு மெட்டையும் சரணத்துக்குச் சொல்லையும் முன்னே வைப்பது என் வழக்கம். சனிக்கிழமை மாலைப் பயிற்சியில் பாடற்குழுவினர் எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்து எஞ்சியதைத் திருத்துவேன். அஞ்சல்காரர், செவிலியர், ஆட்டோ ஓட்டுநர், மளிகைக்கடைக்காரர் என்று அந்தப் பயிற்சிக்கு வருகிற எல்லாரும் வேறெங்கோ கொடுக்க வேண்டிய ஒரு மணி நேரத்தைத்தான் கொண்டுவந்து தருகிறார்கள் என்பதால், திருத்தச் சொன்னால் நான் முகம் சுளிப்பதில்லை.

இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் கீதப் பவனிக்கான பாட்டு இப்போது பாதியில் நிற்கிறது. பல்லவியும் ஒரு சரணமும் தயார். பாடற்குழுவை நடத்தும் அண்ணன், பெண்களுக்கு உச்சத்தில் எட்டவில்லை, சுருதியை ஒரு கட்டை இறக்குங்கள் என்கிறார். இறக்கினால் ஆண்களுக்கு அனுபல்லவி பாதாளத்துக்குப் போய்விடும் என்பதால், அதன் தொடக்கத்தையே மாற்றி எழுத வேண்டியிருக்கிறது. மூன்று சரணம் வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். இரவெல்லாம் வீடு வீடாக நடக்கிறவர்கள் ஒரு வீட்டில் இரண்டு சரணத்துக்கு மேல் பாடுவதில்லை, மூன்றாவதை யாருக்காக எழுதுகிறீர்கள் என்று மனைவி கேட்டார். அலுவலகத்தில் தணிக்கைக் குழு வரும் வாரம், அம்மாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டிய வாரமும் அதுவே. ஆகவே இரண்டு சரணம் போதும் என்று முடிவாகியிருக்கிறது. இரண்டாவதற்கு வருகிற சனிக்கிழமை காலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.